டோக்கலாவுக்குப் போன மூன்று பிரிட்ஜ்கள்

புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைச்சிமாருக்கும்,

இந்த மாத முடிவோடு நான் இந்த மேசையை விட்டுப் போகிறேன். போகிற இடத்திலும் இதே தொழில்தான், துறைமுகத்துக்குக் கொஞ்சம் கிட்ட, அவ்வளவே. ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டியதை முப்பது வயதுக்காரன் எழுதுகிறான் என்று நீங்கள் சிரிக்கலாம். எழுதச் சொன்னது முதலாளி பாலா அண்ணை. "கொம்பியூட்டரில எதை அமத்திறதெண்டு நான் காட்டிக் குடுப்பன். மற்றதை நீ எழுதி வைச்சிட்டுப் போ" என்றார். மற்றது என்றால் எது என்று அவர் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தேன். எனக்கு டோக்கலாவ்தான் ஞாபகம் வந்தது.

லண்டனின் மிட்சம் பகுதியில், டிராம் பாதைக்குப் பின்னால் இருக்கும் இந்த ஸ்டோரிலிருந்து என்ன போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துக்குப் பெட்டிகள், மன்னாருக்குப் பெட்டிகள், கலியாணம் வந்தால் ரொறன்ரோவுக்குப் பெட்டிகள். முன்கண்ணாடியில் 'உலகின் எந்த மூலைக்கும்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அதை எழுதுவித்த நாளில் பாலா அண்ணையின் மனதில் நாலைந்து மூலைகளுக்கு மேல் இருந்திருக்காது.

அந்த எழுத்தை நம்பித்தான் சலோமி உள்ளே வந்தார். குரோய்டன் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களைப் போலவே மாநிறம், அகலமான தோள், சத்தமில்லாத நடை. தன் ஊரான டோக்கலாவுக்குச் சாமான் அனுப்ப முடியுமா என்று கேட்டார். பாலா அண்ணை ஒரு கணமும் யோசிக்கவில்லை. முடியும் என்று தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்: "எங்கையடா அது?"

என் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் புவியியல் எடுத்தேன் என்று சொன்னபோது, பெற்றோல் நிலையத்தில் இருபது வருடமாக ஷிப்ட் செய்த அப்பா, உலகப்படம் பார்க்கிறதுக்கும் சம்பளம் தருவினமோ என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். தருவினம் என்று அன்றைக்குத்தான் எனக்கே உறுதியானது. பசிபிக் சமுத்திரத்தில், சமோவாவுக்கு வடக்கே என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. மீதியைச் சலோமியே சொன்னார்.

மூன்று பவளத்தீவுகள். அட்டாஃபு, நுகுநோனு, ஃபகாஓஃபோ. மூன்றும் வளையம் வளையமாக, நடுவில் அமைதியான நீர். தரை கடல்மட்டத்துக்கு மேல் ஒரு தென்னையின் உயரம்கூட இல்லை. ஆறு இல்லை, கிணற்றை நம்ப முடியாது, மழைநீர்தான். விமான நிலையம் இல்லை. துறைமுகமும் இல்லை. சமோவாவிலிருந்து ஒரு கப்பல் ஒரு நாளுக்கும் மேலே ஓடி வந்து பவளப்பாறைக்கு வெளியே நிற்கும். சாமான்களைச் சின்னப் படகில் இறக்கி, பாறையில் வெட்டிய வாய்க்கால் வழியாகக் கரைக்குக் கொண்டுவருவார்கள். அங்கே இருப்பவர்களை விட நியூசிலாந்துக்குப் போய்க் குடியேறியவர்கள் பல மடங்கு அதிகம். இதைக் கேட்டதும் பாலா அண்ணை கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். அவருக்கு இது பழகிய கதை.

என்ன தொழில் செய்து சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். முந்தி கொப்பரா. இப்போது தங்கள் கடலில் சூரை மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்களுக்கு அனுமதி கொடுத்துப் பணம் வாங்குகிறார்கள், மீதிக்கு நியூசிலாந்து உதவுகிறது. ஆட்சி? நியூசிலாந்தின் கீழ்தான். ஆனால் ஒவ்வொரு தீவையும் அதனதன் மூத்தோர் சபை நடத்துகிறது. மூன்று தீவுக்கும் பொதுவான தலைமை வருடத்துக்கு ஒரு தீவாகச் சுற்றி வரும். தலைநகரம் என்று ஒன்று கிடையாது. தலைமை எங்கே போகிறதோ அதுவே அந்த வருடம் தலைநகரம். தனியாக ஆளப் போகிறீர்களா என்று மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள். அரைவாசிக்கு மேல் ஓம் என்றார்கள். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று முன்னமே பேசியிருந்தது, அது சேரவில்லை. கொஞ்சக் காலத்தில் திரும்பவும் வைத்தார்கள். அப்போதும் மயிரிழையில் தவறியது. சரி, இப்படியே இருப்போம் என்று விட்டுவிட்டார்கள்.

பாலா அண்ணை என்னைப் பார்த்தார். "ரெண்டு தரம் கேட்டவங்களாமோ?"

"ஓம் அண்ணை."

"எங்களை ஒருக்காலும் ஒருத்தனும் கேக்கேல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ கலியாணத்துக்குத் தனக்கு அழைப்பு வராத மாதிரிச் சொல்லிவிட்டு, தேத்தண்ணி போட எழும்பினார்.

சலோமி அனுப்ப வந்தது மூன்று பிரிட்ஜ்கள். மருந்து வைப்பவை, வெயிலில் இயங்குபவை, மேலே திறக்கும் மூடி உள்ளவை. தீவுக்கு ஒன்று. அங்குள்ள சிகிச்சை நிலையங்களில் இருப்பவை பழசு, உப்புக்காற்றில் சாகக் கிடப்பவை. பிள்ளைகளின் தடுப்பூசியும் இன்சுலினும் அவற்றில்தான். ஃபகாஓஃபோவில் இருக்கும் சலோமியின் தம்பி இன்சுலினில் உயிர் வாழ்பவன். அதற்கு முந்தைய வருடம் அங்கே பிரிட்ஜ் நின்று, மருந்து பழுதாகி, அவனைக் கப்பலேற்றிச் சமோவாவுக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. போய்ச் சேரும்போது அரை உயிர். இங்கேயும் நியூசிலாந்திலும் இருக்கும் தன் சனத்திடம் சேர்த்து வாங்கிய பிரிட்ஜ்கள் அவை. மூன்றும் ஒன்றாக வரும் என்று மூன்று தீவின் மூத்தோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தார்.

மூன்றாவது தடவை வந்தபோது அவர் எங்களுக்குச் சலோமி அக்கா ஆகிவிட்டார். அன்றைக்கு எனக்கும் அவருக்கும் ஒரு சின்ன இழுபறி. எந்தப் பெட்டி எந்தத் தீவுக்கு என்று வெளியே பெரிதாக எழுத வேண்டும் என்றேன். நம் தொழிலில் பெயரில்லாத பெட்டி அநாதைப் பிள்ளை மாதிரி. அவர் எழுதவே கூடாது என்றார். அங்கே ஊராகப் போய் மீன் பிடித்து வந்தால், எல்லாவற்றையும் கரையில் பரப்பி வைத்துத்தான் பிரிப்பார்களாம். கடலுக்குப் போக ஆளில்லாத விதவைக்கும் பங்கு, நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் பங்கு. பிரிக்கும் வரைக்கும் எந்த மீனும் யாருடையதும் இல்லை. "பிரிட்ஜும் அப்படித்தான்" என்றார். சமோவாவில் இருக்கும் முகவரின் விலாசத்தை மட்டும் எழுதி, மூன்று பெட்டியையும் ஒரே மாதிரி விட்டேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

பெட்டி அடித்தவர் அந்தோனி அண்ணை. மன்னார் ஆள், நீங்கள் தினமும் பார்க்கிறவர். தொழிற்சாலை மட்டைப்பெட்டி அந்தப் பாறைக் கரையில் நிற்காது என்று கனமான மரப்பெட்டி செய்து, நாலு பக்கமும் கயிற்றுப் பிடி வைத்தார். படகில் இறக்குகிறவனின் கை நோகக் கூடாது என்று கயிற்றுக்குத் துணி வேறு சுற்றினார்.

இங்கேதான் நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பிழை நடந்தது. யாழ்ப்பாணத்துக்கோ மன்னாருக்கோ வெறும் பிரிட்ஜ் போன சரித்திரம் எனக்குத் தெரிந்து இல்லை. உள்ளே சோப், சொக்கிளேற், துவாய், யாரோ ஒரு சித்திக்குச் சப்பாத்து. காலி இடத்தைக் காலியாக அனுப்புவது நமக்கு மரியாதைக் குறைவு. டோக்கலாவில் கப்பல் பிந்தினால் கடையில் சோப்பும் இல்லாமல் போய்விடும் என்று சலோமி அக்கா பேச்சோடு பேச்சாகச் சொன்னதை அந்தோனி அண்ணை கேட்டிருக்கிறார். ஒருவரிடமும் சொல்லாமல், தன் செலவில் சோப் வாங்கி, மூன்று பிரிட்ஜுக்குள்ளும் நெருக்கி அடுக்கி, ஆணி அடித்து மூடிவிட்டார். எஞ்சிய சோப் முழுவதும் மூன்றாவதுக்குள் போனது.

ஒரு மாலை, அவர்களுக்கு அது அடுத்த நாள் காலை, சமோவாவில் இருந்த முகவர் அழைத்தார். பத்திரத்தில் எழுதிய பாரத்தை விடப் பெட்டிகள் கனமாக இருந்ததால் சுங்கத்தில் திறந்திருக்கிறார்கள். உள்ளே சோப். சோப்பில் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு பிரிட்ஜில், கப்பல் ஆட்டத்தில் சோப்பெல்லாம் ஒரு பக்கமாக இடித்து, உட்சுவர் வெடித்து, பின்னால் ஓடும் குளிர்க்குழாய் நசிந்துவிட்டது. படங்கள் அனுப்பியிருந்தார். அது இனி குளிராது. தீவுக் கப்பல் அன்று மத்தியானம் ஏற்றி முடிக்கிறது. புயல்காலம் தொடங்குகிறபடியால் அடுத்த பயணம் எப்போது என்று அவரால் சொல்ல முடியாது. இரண்டை ஏற்றவா, எல்லாவற்றையும் நிறுத்தவா, உடனே சொல்லுங்கள் என்றார்.

ஸ்டோரில் நாங்கள் மூன்று பேர்தான். படத்தைப் பார்த்ததும் அந்தோனி அண்ணை பெட்டி ஒன்றின் மேல் இருந்துவிட்டார். "நான்தான் நாசமாக்கிப் போட்டன்" என்றார். பாலா அண்ணை அவரை ஏசவில்லை. ஏசியிருந்தால் அந்தோனி அண்ணைக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"இதில யோசிக்க என்ன கிடக்கு?" என்றார் பாலா அண்ணை என்னிடம். "அவவின்ட தம்பிக்கு ஊசி மருந்து. அவவின்ட தீவுக்கு ஒண்டைக் குடு. மற்றதை எங்க எண்டாலும் இறக்கட்டும். பழுதானது அங்கையே நிக்கட்டும், நாங்கள் புதுசு அனுப்பி விடுவம்."

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. கணக்கும் பொருந்தியது. தெற்கே இருக்கும் ஃபகாஓஃபோதான் கப்பல் முதலில் நிற்கும் தீவு. உயிர் ஆபத்து இருப்பதும் அங்கே. எங்கள் வாடிக்கையாளரின் ஊரும் அதுவே. மூன்று நியாயமும் ஒரே தீவைக் காட்டினால் வேறு என்ன வேண்டும்? நல்ல பெட்டி ஒன்று ஃபகாஓஃபோவுக்கு என்று முகவருக்கு எழுதத் தொடங்கினேன். தீவின் பெயரை அடித்துவிட்டு நிறுத்தினேன்.

தம்பிமார், ஏன் நிறுத்தினேன் என்று கேட்டால் என்னிடம் பெரிய விளக்கம் இல்லை. பெயர் எழுதாதே என்று என்னோடு வாதாடிய பெண்மணியின் பெட்டியில், அவரைக் கேட்காமல் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். நல்லதுக்குத்தான் எழுதினேன், அது வேறு. அவசரம் வந்தால் நமக்கு இரக்கமும் சேர்ந்து வரும். எங்கட ஆள், எங்கட ஆளின் ஊர், எங்கட ஆளின் தம்பி என்று கை தானாக அந்தப் பக்கம் போகும். அந்த நேரத்தில்தான் பொருளுக்குரியவரை எழுப்பியாவது ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

சலோமி அக்கா வேலையில் இருந்தார். வார்டுக்குப் போன் எடுத்து, அவர் வரும் வரை பிடித்துக்கொண்டு நின்றேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன், சோப் உட்பட. அவருக்குப் பின்னால் ஏதோ வண்டில் உருளும் சத்தம் கேட்டது.

"மூன்றையும் ஏற்றச் சொல்" என்றார்.

"ஒன்று வேலை செய்யாது அக்கா."

"விளங்குது. மூன்றையும் ஏற்று. எது உடைந்தது என்று அதன் மேல் பெரிதாக எழுது. தீவின் பெயர் எழுதாதே."

"நல்லதில் ஒன்றை உங்கள் தம்பி இருக்கிற தீவில் இறக்கச் சொல்லட்டா? இப்போதே சொன்னால் செய்வார்கள்."

அவர் மூச்சு எனக்குக் கேட்டது. "எந்தத் தீவு பிரிட்ஜ் இல்லாமல் இருக்க வேண்டும் என்று லண்டனில் இருந்து நீ சொல்லக் கூடாது. நானும் சொல்லக் கூடாது. ஏற்று" என்றார். நோயாளி யாரோ கூப்பிட, வைத்துவிட்டார்.

பாலா அண்ணைக்கு இது துப்புரவாகப் பிடிக்கவில்லை. உடைந்த சாமானைத் தெரிந்துகொண்டே கடல் தாண்டி அனுப்புவது அவர் வாழ்க்கையில் செய்யாத வேலை. குரோய்டனில் அகதி விண்ணப்பத்துக்குக் கியூவில் நின்ற காலத்திலிருந்து அவர் சேர்த்த ஒரே சொத்து, அவர் அனுப்பினால் முழுதாகப் போய்ச் சேரும் என்ற பேச்சு.

"உடைஞ்சதை எங்கட பேரோட அந்தச் சனத்திட்டை அனுப்புறதோ? என்ன கதை இது?"

"உடைஞ்சதெண்டு எழுதித்தான் அண்ணை அனுப்புறம். ஒளிச்சால்தான் எங்கட பேர் போகும்."

"அவவுக்குப் பதட்டம். தன்ர தம்பியையும் யோசிக்கேல்லை."

"பதட்டமாக் கதைக்கேல்லை அண்ணை. என்னை விட நிதானமாத்தான் கதைச்சவ."

அவர் ஸ்டோரின் மறு தொங்கல் வரைக்கும் நடந்து போனார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை. திரும்பி வந்து, "அனுப்பு" என்றார். "ஆனா புதுசொண்டுக்கு இப்பவே ஓடர் போடு. அவ வாய் திறந்து கேக்க முதல்." முகவருக்கு எழுதினேன். மூன்றும் ஏறின.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் இந்த ஸ்டோர் மரணவீடு மாதிரி இருந்தது. தீவிலிருந்து செய்தி இல்லை. அந்தோனி அண்ணை பெட்டி அடிப்பார், அடித்ததைக் கழற்றுவார். எனக்கு ஒரே யோசனை. தனக்கு முன்னால் வைத்த நல்ல பிரிட்ஜை ஒருத்தி ஏன் தள்ளினாள்? அந்தப் பிடிவாதத்துக்கு அவள் தம்பி என்ன விலை கொடுக்கப் போகிறான்? அந்தக் கேள்வியோடு நித்திரைக்குப் போய் அதோடேயே எழும்பினேன்.

ஒரு சனிக்கிழமை காலை சலோமி அக்கா வந்தார், கையில் தேங்காய்ப்பால் விட்டுச் செய்த பணியாரத்தோடு. முகத்தைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. பெட்டிகள் இறங்கிவிட்டன. கப்பல் வருமுன்னமே எது எந்தத் தீவுக்கு என்று மூன்று தீவின் மூத்தோரும் போனில் கதைத்து முடித்துவிட்டார்கள். சோப்பைக்கூட மூன்று தீவின் வீடுகளுக்கும் பங்கு போட்டார்களாம். பிரிட்ஜுக்குள் சோப் வைத்து அனுப்புகிற சாதி எது என்று அவருடைய மாமி கேட்டாராம்.

"உடைஞ்சது ஆருக்குப் போனதெண்டு கேள்" என்றார் பாலா அண்ணை. கேட்டேன்.

இந்த வருடம் தலைமை எந்தத் தீவில் இருக்கிறதோ அந்தத் தீவுக்கு என்றார். தலைமை வகிக்கிறவன் முதலில் எடுக்கக் கூடாது, குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை. இந்த வருடம் தலைமை ஃபகாஓஃபோவில்.

நான் அதை மொழிபெயர்க்க மறந்து நின்றேன். பாலா அண்ணைக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும்.

"அப்ப அண்டைக்குப் போனில சொல்லேக்கை அவவுக்குத் தெரியுமோ, உடைஞ்சது தம்பியின்ட பக்கம்தான் போகுமெண்டு?"

"தெரியும்" என்றார் சலோமி அக்கா, நான் கேட்டு முடிக்க முன்னம். பிறகு மெதுவாக விளங்கப்படுத்தினார். "இரண்டு மட்டும் போயிருந்தால், தலைமைத் தீவு என்றபடியால் எங்கள் ஆட்கள் எங்களுக்கு வேண்டாம் என்றிருப்பார்கள். எங்களை வெறுங்கையோடு விட்டுவிட்டு மற்ற இரண்டு தீவும் எடுத்திருக்காது. இரண்டும் திரும்பிப் போகாவிட்டாலும், யாரும் தொடாமல் கிடந்திருக்கும். இப்போது எங்களுக்கும் ஒன்று வந்துவிட்டது. அதனால் அவர்களால் தங்களுடையதை எடுக்க முடிந்தது. அன்றைக்கே அங்கே தடுப்பூசியை உள்ளே வைத்துவிட்டார்கள்."

"உங்கட தம்பி?" என்றேன்.

சுகமாக இருக்கிறானாம். குளிராவிட்டாலும் அந்தப் பிரிட்ஜின் சுவர் தடிப்பானது. மீன் வைக்கும் உறைபெட்டிகளிலிருந்து வீட்டுக்கு வீடு முறை வைத்து ஐஸ் கொண்டுவந்து அதற்குள் நிரப்புகிறார்கள். அவனுடைய இன்சுலின் அதற்குள்தான் இருக்கிறது. பழைய பிரிட்ஜை விட இது நல்லாக் குளிர் பிடிக்குது என்று அங்குள்ள நர்ஸ் சொல்கிறாராம். நாங்கள் ஓடர் போட்ட புதியது அடுத்த கப்பலுக்குப் போதுமான நேரத்தில் சமோவா போய்ச் சேரும் என்று நான் சொன்னேன். சலோமி அக்கா தலையாட்டினார். அவருக்கு அது அவ்வளவு அவசரமாகப் படவில்லை.

பாலா அண்ணை பணியாரத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு மென்றார். ஆங்கிலம் அதிகம் விளங்காத அந்தோனி அண்ணை, இவ்வளவு நேரமும் சுத்தியலைக் கையில் பிடித்தபடி எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். சோப்பைப் பங்கு போட்டதை, உடைந்தது போன இடத்தை, ஐஸை, தம்பியை. கேட்டு முடித்ததும் அவருக்கு ஒரேயொரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது.

"மூடி? அந்த மூடி வடிவா இறுகி மூடுதாமோ எண்டு கேள் தம்பி."

கேட்டேன். இறுக மூடுகிறது என்றார் சலோமி அக்கா, இரண்டு கையாலும் மூடிக் காட்டி.

"அப்ப சரி" என்றார் அந்தோனி அண்ணை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துவிட்டு, சுத்தியலைக் கீழே வைத்து, பணியாரத்தில் ஒன்றை எடுத்தார்.